தூக்குக்குண்டு சாய்கிறது என்று ஒரு புகார்

நடந்தது இதுதான். 2024 ஆடிப்பெருக்கு கழிந்த திங்கட்கிழமை காலை, என் தங்கை வீட்டுக்காரர் தனபால் பல்லடத்திலிருந்து என் கடைக்குப் போன் செய்து, நான் விற்ற சாமான் கோணல் என்றார்.

நான் கோவையில் கொத்தனார் சாமான் கடை வைத்திருப்பவன். பெயர் சென்னிமலை. சைக்கிளில் கரணையும் ரசமட்டமும் கட்டிக்கொண்டு, கட்டட வேலை நடக்கிற இடமாகப் போய் விற்று மேலே வந்தவன். நாலு வருஷமாகக் கடையின் ஒரு மூலையில் ஏர் ரைஃபிளும் அதன் உதிரிச் சாமான்களும் விற்கிறேன். குறி பார்க்கிற ஸ்கோப்பின் மேல் மாட்டுகிற சின்ன ரசமட்டம் ஒன்றைத் தனபால் எடுத்துப் போயிருந்தார். துப்பாக்கி ஒரு பக்கம் சாயாமல் நிற்கிறதா என்று அதன் குமிழி காட்டும். அந்தக் குமிழிதான் பொய் சொல்கிறதாம்.

பேச்சு குழறிக் குழறி வந்தது. "ஏனுங்க மாப்பிள்ளை, காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டீங்களா?" என்று கேட்டுப்போட்டேன். அதற்கப்புறம் அவர் கத்த, நான் கத்த, கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்க்க, என் தங்கை குழந்தையம்மாள் போனைப் பிடுங்கினாள். "ஏனுங்ணா, இனி நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசவே வேண்டாம். என்ன சொல்லோணுமோ எழுதிக்குங்க" என்று வைத்துவிட்டாள்.

அவர்கள் கோழிப்பண்ணையின் முட்டை வேன் செவ்வாயும் வெள்ளியும் கோவைக்கு வரும். ஓட்டுகிற வேலுமணி கையில் கடிதம் வந்தது, பதில் போனது. கார்த்திகையில் வெள்ளகோவில் பக்கம் நடக்கிற ஏர் ரைஃபிள் கிளப் போட்டிக்குத் தனபால் வருஷா வருஷம் போவார். கிளப் ஆட்களில் பாதிப்பேர் என் வாடிக்கை. அங்கே போய் அவர் வாயைத் திறந்தால் என் மூலைக்கடை அத்தோடு முடிந்தது. அதனால் நானும் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கத்துக் கடிதங்களும் இப்போது என்னிடம் இருக்கின்றன. அக்கா என்று அவர் எழுதுவது என் வீட்டுக்காரியை.

*

பல்லடம்
6.8.2024

மச்சான் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்க தங்கையும் பண்ணையும் சுகம். அங்கே அக்காவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்குதுங்க?

நான் குடிக்கவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

அடுத்தது உங்கள் சாமான். ஞாயிற்றுக்கிழமை மாட்டினேன். திங்கள் விடியக்காலம், காற்று எழும்புவதற்கு முன்னால் சுட்டுப் பார்த்தேன். இருபத்தைந்து மீட்டரில் போட்ட ஓட்டையிலேயே மறுபடி போகிறது. ஐம்பது மீட்டருக்குப் போனால் ஒரு விரல் அகலம் வலது பக்கம். குமிழியை நடுவில் நிறுத்தித்தான் சுட்டேன். எத்தனை தடவை சுட்டாலும் அதே வலது. போட்டியில் தகட்டில் இருக்கிற ஓட்டை பெரிய நெல்லிக்காய் அளவுதான், உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு விரல் தள்ளினால் பூஜ்யம்.

போன வருஷம் இந்தக் குமிழி இல்லாமல் சுட்டேன், ஒரு கோளாறும் இல்லை. அப்படியானால் கோணல் எதில் என்று நீங்களே சொல்லுங்கள். கார்த்திகைக்குள் வேறு கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் கிளப்பில் எந்தக் கடைச் சாமான் என்று கேட்பவர்களுக்கு நான் மறைக்கமாட்டேன்.

வெய்யிலில் அலையாதீங்க. அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்க.

தனபால்

*

கோவை
9.8.2024

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது, இங்கே எல்லோரும் சுகம். உங்கள் அக்காவின் முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறது, கல்யாண வீட்டில் வலிப்பதில்லை.

முதல் வேலையாகக் கோடு போட்ட தாள் வாங்குங்கள். உங்கள் வரியெல்லாம் வலது பக்கம் போகப்போகப் பள்ளத்தில் இறங்குகிறது. படித்து முடிப்பதற்குள் என் கழுத்து பிடித்துக்கொண்டது.

இரண்டாவது, ரசமட்டம் கோணல் இல்லை. அது ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே திரவம், ஒரு குமிழி. பொய் சொல்ல அதற்கு மூளை கிடையாது. கோணல் நீங்கள் மாட்டினதில். கடைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அவர்களையே டீ வாங்கித் தரச் சொல்வேன். உங்களுக்குச் சும்மா.

துப்பாக்கியை மேசை மேல் அசையாமல் நிறுத்தி, ஸ்கோப் உட்காருகிற தண்டவாளத்தின் மேல் சின்ன மட்டம் வைத்து முதலில் துப்பாக்கியை நேராக்க வேண்டும். பத்து மீட்டர் தள்ளி நூலில் ஒரு தூக்குக்குண்டு தொங்கவேண்டும். ஸ்கோப் வளையங்களைத் தளர்த்தி, உள்ளே தெரிகிற குறுக்குக்கோட்டில் நிற்கிற கோடு அந்த நூலின் மேல் ஒட்டி உட்காருகிற வரைக்கும் ஸ்கோப்பைத் திருப்புங்கள். அப்புறம் திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் முறுக்கினால் ஸ்கோப் கூடவே திரும்பிக்கொள்ளும். எல்லாம் முடிந்து கடைசியில்தான் ரசமட்டம். கோடு நூலில் நிற்கும்போதே குமிழி நடுவில் நிற்கிற மாதிரி ஸ்கோப் குழாயில் கவ்வ வைத்து முறுக்கணும். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து எடுக்காமல், வலது கண் குறியில் இருக்க, இடது கண்ணுக்குக் குமிழி தெரிகிற இடமாகப் பார்த்து வைக்கணும்.

ஸ்கோப் வலது பக்கம் சாய்ந்திருந்தால், தூரத்துக்காக நீங்கள் குறியை மேலே தூக்குகிற தூக்கு முழுக்க மேலே போகாமல் கொஞ்சம் வலதுக்கு ஓடிவிடும். கிட்டத்தில் தெரியாது, தூரத்தில் காட்டிக்கொடுக்கும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

நீங்கள் எந்த நூலைப் பார்த்து மாட்டினீர்கள்? அதை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்.

தங்கையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

சென்னிமலை

*

பல்லடம்
20.8.2024

மச்சான் அவர்களுக்கு,

எல்லோரும் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பண்ணையில் குஞ்சு இறக்குகிற வேலை.

நூல் கேட்டிருந்தீர்கள். வீட்டில் இருந்த தூக்குக்குண்டைத் திருமலைசாமி கொத்தனார் வாங்கிப் போய் இன்னும் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூக்குக்குண்டுக்கு நான் எங்கே போவது? பண்ணை கேட்டில் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்குகிறது. அதுவும் கயிறுதான், அதுவும் தொங்குகிறதுதான். அவிழ்க்கக் கூடாது என்று உங்க தங்கை சண்டைக்கு வந்தாள், அதனால் அதை அங்கேயே விட்டுவிட்டு மேசையை வெளியே கொண்டுபோய்த் தெற்கே பார்த்துப் போட்டுக்கொண்டேன். நீங்கள் இப்போது எழுதியிருக்கிற மாதிரியேதான் அன்றைக்கும் கோட்டைக் கயிற்றோடு ஒட்ட வைத்தேன். இதில் என்ன தப்பு?

கோடு போட்ட தாள் உங்க தங்கை முட்டைக் கணக்கு எழுத வைத்திருக்கிறாள், கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனபால்

*

கோவை
23.8.2024

மாப்பிள்ளைக்கு,

சுகமாக இருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

எலுமிச்சம்பழமா? ஆடி மாதம், பல்லடத்தில், மத்தியானத்தில்? பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று உங்கள் ஊர் வேட்டியைக் கொடியில் நிற்க விடுவதில்லை. காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் கோடி கோடியாகக் கொட்டிக் காற்றாடி நட்டு வைத்திருப்பது உங்கள் ஊரில் எலுமிச்சம்பழம் நேராகத் தொங்குகிறது என்பதாலா? நீங்கள் தெற்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மேல்காற்று உங்கள் வலது கைப்பக்கமிருந்து வருகிறது. பழத்தை இடது பக்கம் தள்ளியிருக்கும், கயிற்றின் தலை வலது பக்கம் சாய்ந்திருக்கும், நீங்கள் அதற்குத் தகுந்த மாதிரி ஸ்கோப்பையும் வலது பக்கம் சாய்த்து, அதன் மேல் என் ரசமட்டத்தை வைத்து முறுக்கியிருக்கிறீர்கள். பெல்லட் வலது பக்கம் போகாமல் வேறு எங்கே போகும்?

முப்பது வருஷம் தீவனம் நிறுத்து வாங்குகிற ஆள், ஒரு தராசு ஆடினால் கண்டுபிடிக்கிறவர். எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பித்தளைத் தூக்குக்குண்டு ஒன்று வேலுமணியிடம் கொடுத்தனுப்புகிறேன். கனமானது. இதைக் கொத்தனாருக்கு இரவல் கொடுக்காதீர்கள். தீவனக் குடோனுக்குள் போய், ஷட்டரை இறக்கி, குண்டு ஆடி அடங்கின பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்யுங்கள்.

இன்னொன்று. நீங்கள் பைக்கைத் தொடுவதே இல்லையாம், பெருந்துறைக்குக் கூடப் பஸ்ஸில் போய் வந்தீர்களாம், வேலுமணி சொன்னார். பெட்ரோல் மிச்சம் பிடித்து என்ன வாங்கப் போகிறீர்கள், இன்னொரு எலுமிச்சம்பழமா?

தங்கையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சென்னிமலை

*

பல்லடம்
6.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் அவரும் சுகமாக இருக்கிறோம். அண்ணியும் நீங்களும் சுகந்தானே. மகள் லோகப்பிரியா பெங்களூரில் சுகமாக இருக்கிறாள், தினமும் போன் செய்கிறாள்.

அவர் உங்கள் மேல் கோபமாக இருக்கிறார், அதனால் எழுதவில்லை. எலுமிச்சம்பழத்தை வேலுமணி முன்னால் நான் சத்தமாகப் படித்துச் சிரித்துவிட்டேன், அது ஒரு காரணம்.

எனக்குக் கடையிலிருந்து இரண்டு சாமான் வேண்டும். பாத்ரூமில் போடுகிற வழுக்காத ரப்பர் பாய் ஒன்று. சுவரில் அடித்துப் பிடித்துக்கொள்கிற கம்பி ஒன்று, நல்ல கனமாகப் பார்த்து, ஒரு ஆளின் பாரம் தாங்குகிற மாதிரி. எனக்குத்தான், முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்க அண்ணா.

எலுமிச்சம்பழ விஷயத்தை இனி எழுதவேண்டாம். அவர் பாவம்.

குழந்தையம்மாள்

*

கோவை
10.9.2024

அம்மணிக்கு,

பாயும் கம்பியும் அனுப்பியிருக்கிறேன். கம்பி யானையைக் கட்டினாலும் தாங்கும். திருகு ஆறும் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. முழங்கால் வலிக்கு மருந்து கம்பி இல்லை கண்ணு, நடை. சாயங்காலம் பண்ணையைச் சுற்றி நட. உன் அண்ணியிடமும் இதைத்தான் சொல்கிறேன், அவள் என்னைப் போய் நடக்கச் சொல்கிறாள்.

உன் வீட்டுக்காரரைப் பற்றி எழுதினால் தாள் பற்றாது. தூக்குக்குண்டு போய் மூன்று வாரமாகிறது. தொங்கவிட்டாரா, இல்லை அதையும் கேட்டில் திருஷ்டிக்குக் கட்டிவிட்டாரா? போட்டிக்கு நாள் நெருங்குகிறது. பாவமாம், பாவம். ஆறு கடை ஏறி விலை கேட்டுவிட்டு ஏழாவதாக என் கடைக்கு வந்து தள்ளுபடி கேட்டபோது பாவமாகத் தெரியவில்லை.

எழுதச் சொல்.

அண்ணன்

*

பல்லடம்
20.9.2024

மச்சான் அவர்களுக்கு,

நலம். நீங்கள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் செய்தேன். குடோனுக்குள், ஷட்டர் இறக்கி, பித்தளைக் குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி அடங்குகிற வரைக்கும் காத்திருந்தேன்.

அதுவும் கோணல்.

நூல் இடது பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. என் கண்ணால் பார்க்கிறேன். காற்று இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை, நூல் சாய்கிறது. குண்டு ஒரு பக்கம் கனமாக வார்க்கப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் நூலை விட்டுவிட்டு, கண்ணுக்கு நேராகத் தெரிகிற மாதிரி ஸ்கோப்பையும் ரசமட்டத்தையும் மாட்டினேன். சுட்டால் மறுபடியும் வலது, போன தடவையை விட அதிகம்.

இது இப்படி இருக்க, பாத்ரூம் வாசக்கால் சாய்ந்திருக்கிறது என்று திருமலைசாமி கொத்தனாரை விட்டுப் பிரித்து மாட்டச் சொன்னேன். மாட்டின பிறகும் சாய்ந்துதான் இருக்கிறது. நேர்தான் என்று மட்டம் வைத்துக் காட்டுகிறார். அந்த மட்டமும் உங்கள் கடை மட்டம். உங்கள் கடையிலிருந்து வெளியே போகிற ஒரு பொருளாவது நேராக இருக்கிறதா மச்சான்? தகராறு செய்ய எனக்கு ஆசையில்லை. ஆனால் கிளப் செயலாளர் கிருபாசங்கர் எல்லோருக்கும் சேர்த்து உங்களிடம் ரசமட்டம் வாங்கலாமா என்று என்னைக் கேட்டிருக்கிறார். நான் என்ன பதில் சொல்லட்டும்?

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தனபால்

*

கோவை
24.9.2024

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

தூக்குக்குண்டு சாய்கிறது என்று புகார் எழுதின ஆள் இந்தப் பூமியில் நீங்கள் ஒருவர்தான். கோயில் கோபுரம் கட்டினவன் எழுதவில்லை, அணைக்கட்டு கட்டினவன் எழுதவில்லை. நீங்கள் எழுதிவிட்டீர்கள். குண்டை எப்படி வார்த்தாலும், உருளைக்கிழங்கைக் கட்டித் தொங்கவிட்டாலும், காற்றில்லாத இடத்தில் நூல் நேராகத்தான் நிற்கும். பூமி இழுக்கிறது, நூல் நிற்கிறது. இதில் என் கடை எங்கே வந்தது?

சரி, ரசமட்டம் கோணல். கொத்தனார் மட்டமும் கோணல். தூக்குக்குண்டும் கோணல், வாசக்காலும் கோணல், பிரித்து மாட்டின வாசக்காலும் கோணல். ஊரில் இருக்கிற எல்லாம் ஒரே பக்கமாகக் கோணல், நீங்கள் ஒருத்தர் மட்டும் நேர். ஆடியில் என்ன எழுதினீர்கள் என்று உங்கள் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டே எழுதுகிறேன், உங்கள் வாயாலேயே காட்டுகிறேன் பாருங்கள். ஆறாம் தேதிக் கடிதத்தில் நீங்கள்

*

இந்தக் கடிதத்தை நான் முடிக்கவில்லை.

மேசையில் அவருடைய மூன்று கடிதங்களையும் வரிசையாகப் பரப்பியிருந்தேன். மூன்றிலும் வரிகள் வலது பக்கம் இறங்கின. கடைசிக் கடிதத்தில் இன்னும் கொஞ்சம் அதிகம். மேசைக் கண்ணாடிக்கு அடியில், சித்திரையில் பண்ணைத் தண்ணீர்த் தொட்டிக்கு என்னென்ன குழாய் வேண்டும் என்று அவர் எழுதிக்கொடுத்த தாள் ஒன்று கிடந்தது. அதுவும் கோடு போடாத தாள். அதில் ஒவ்வொரு வரியும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

குழறின பேச்சு. தொடாத பைக். ஒரு ஆளின் பாரம் தாங்குகிற கம்பி.

தங்கைக்குப் போன் போட்டேன்.

"ஏங்கண்ணு, அந்தக் கம்பி ஆருக்கு?"

அவள் போனோடு கோழிக் கொட்டகைப் பக்கம் நகர்வது சத்தத்தில் தெரிந்தது.

"அம்மணி, உன்னத்தான் கேக்கறேன்."

"கடையப் பூட்டிப்போட்டு வாங்ணா" என்றாள். "அவரு கேட்டா, குண்டைத் திருப்பி வாங்கறதுக்கு வந்தேன்னு சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். "இதுக்காக இத்தன தூரம் வந்தீங்களா? வேலுமணிகிட்டக் குடுத்தனுப்பியிருப்பேன்ல" என்றபடி எழுந்த தனபால், சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போனார். நான் அவரைக் காரில் ஏற்றியபோது அவர் போட்ட சத்தம் பக்கத்துத் தோட்டம் வரை கேட்டிருக்கும். கோவையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

*

பல்லடம்
8.10.2024

மச்சான் அவர்களுக்கு,

வீட்டுக்கு வந்து நாலு நாளாகிறது. மாத்திரைகளை உங்க தங்கை எண்ணிக் கொடுக்கிறாள், நான் முழுங்குகிறேனா என்று வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள். இந்த யோசனை உங்களுடையது என்று தெரியும்.

டாக்டர் உங்களிடம் சொன்னதைத்தான் என்னிடமும் சொன்னார். பின்மண்டையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. எது நேர், எது கோணல் என்று பார்க்கிற இடம் அதுவாம். ஆடிப்பெருக்கு அன்றைக்குக் குளிக்கும்போது விழுந்தேன். எழுந்து பார்த்தால் பாத்ரூமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நாக்கு வேறு புரளவில்லை. நாலு நாளில் கொஞ்சம் தெளிந்தது, மிச்சமும் போய்விடும் என்று இருந்தேன்.

அன்றைக்கு உங்க தங்கை போனைப் பிடுங்கியது நான் சைகை காட்டித்தான். இன்னும் இரண்டு வார்த்தை பேசினால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று பயம். குடித்திருக்கிறேன் என்று நீங்கள் நினைத்தது அப்போது எனக்கு நிம்மதியாகக் கூட இருந்தது. சொல்லியிருந்தால் அன்றைக்கே வந்து துப்பாக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கோவைக்குக் கொண்டுபோயிருப்பீர்கள். கார்த்திகைப் போட்டி போயிருக்கும். அவளிடம் சத்தியம் வாங்கினேன். அவளைத் திட்ட வேண்டாம்.

கிருபாசங்கரிடம் போனில் சொல்லிவிட்டேன், ரசமட்டம் நேர்தான், கோணல் நான்தான் என்று. உங்களுக்கு ஆர்டர் வரும்.

இப்போது ஒரு கேள்வி, நியாயமாகப் பதில் எழுதுங்கள். என் கண் பொய் சொல்கிறது, குமிழி பொய் சொல்லாது என்று ஆகிவிட்டது. அப்படியானால் கண்ணை விட்டுவிட்டுக் குமிழியை மட்டும் நம்பிச் சுட்டால் ஓட்டைக்குள்தானே விழும்? டாக்டர் வேண்டாம் என்கிறார். அவருக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும்?

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தனபால்

*

கோவை
11.10.2024

மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே எல்லோரும் சுகம் என்று இனி எழுதாதீர்கள், இரண்டு மாதம் அதைப் படித்து நான் ஏமாந்தது போதும். என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள்.

கேள்விக்குப் பதில்: விழும். குமிழியை நம்பினால் ஓட்டைக்குள்தான் விழும். சுடும்போது நீங்களும் விழுவீர்கள். டாக்டருக்குத் துப்பாக்கி தெரியாது, மண்டை தெரியும். துப்பாக்கி எனக்குத் தெரியும், நானும் வேண்டாம் என்கிறேன். பீரோ சாவி என்னிடம் வந்தது தங்கை மூலமாகத்தான், அவளைத் திட்டவேண்டாம்.

பித்தளைக் குண்டு அங்கேயே இருக்கட்டும். ஞாயிறு ஞாயிறு குடோனில் தொங்கவிட்டு, நூல் எப்படித் தெரிகிறது என்று எனக்கு எழுதுங்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டேன், மாத்திரையைச் சரியாக எடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிரும், அவசரப்பட்டால் நிமிராது என்றார். எழுதுவதைக் கோடு போடாத தாளில் எழுதுங்கள். போனில் பேசலாம்தான், ஆனால் உங்களோடு பேசினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது, இப்போது உங்களுக்கும் ஏறக்கூடாது.

ரசமட்டத்துக்கு நீங்கள் இன்னும் காசு கொடுக்கவில்லை. நூல் நேராகத் தெரிகிற அன்றைக்குக் கொடுத்தால் போதும்.

சென்னிமலை

*

பல்லடம்
15.11.2024

மச்சான் அவர்களுக்கு,

என்ன இருக்கிறதோ அதை எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம் நூல் பாதிக்குப் பாதி நிமிர்ந்தது. போன ஞாயிறு இன்னும் கொஞ்சம். இன்றைக்குக் காலையில் தொங்கவிட்டுப் பார்த்தேன், நேராக நிற்கிறது. சுத்தமாக நேர். பாத்ரூம் வாசக்காலும் நேராகிவிட்டது, கொத்தனாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

பேசினபடி பணம் வேலுமணியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பீரோ சாவியை அவரிடமே கொடுத்துவிடுங்கள். போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, பழகிக்கொள்ளச் சரியாக இருக்கும்.

உங்க தங்கையும் அக்காவைக் கேட்டதாகச் சொன்னாள்.

தனபால்

*

கோவை
19.11.2024

மாப்பிள்ளைக்கு,

கடிதமும் பணமும் கிடைத்தன. உங்கள் அக்கா சுகம். நான் சுகம். நீங்கள் சுகமில்லை.

உங்கள் கடிதத்தை மேசையில் வைத்து, கடை ரசமட்டத்தின் விளிம்பைத் தாளின் குறுக்கே நேராக வைத்துப் பார்த்தேன். ஆடியில் இறங்கினதற்கு இப்போது பாதிதான் இறங்குகிறது. சந்தோஷம். ஆனால் இறங்குகிறது. "சுத்தமாக நேர்" என்று எழுதின வரிதான் இருப்பதிலேயே அதிகமாக இறங்குகிறது. எதற்காகக் கோடு போடாத தாள் கேட்டேன் என்று இப்போது தெரிந்திருக்கும். அடுத்த கடிதத்துக்கு அடியில் ஸ்கேலை வைத்துக்கொண்டு எழுதலாம் என்று நினைக்காதீர்கள், பக்கத்தில் உட்காரத் தங்கை ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

மாப்பிள்ளை, ஊரை ஏமாற்றுங்கள், தீவனக்காரனை ஏமாற்றுங்கள், நான் கேட்கமாட்டேன். இரண்டு மாதம் உங்களோடு ரசமட்டத்துக்குச் சண்டை போட்டேன். அத்தனை சண்டையும் தப்பான பொருளோடு போட்டிருக்கிறேன் என்று தெரிந்த அன்று, பல்லடம் வரும் வரைக்கும் நான் ஒரு சிக்னலில் கூட நிற்கவில்லை. இன்னொரு தடவை என்னால் அப்படிக் கார் ஓட்ட முடியாது.

கிருபாசங்கரிடம் பேசிவிட்டேன். போட்டியன்று நீங்கள் தகட்டுப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விழுந்தது, விழவில்லை என்று சொல்கிற ஆள். நிழல் உண்டு, சாப்பாடு உண்டு. நானே வந்து கூட்டிப் போகிறேன். ஒருத்தர் குறி தப்பினால், எலுமிச்சம்பழம் வைத்து மாட்டினீர்களா என்று கேளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

பணத்தை வேலுமணியிடமே திருப்பி அனுப்பியிருக்கிறேன், சரிபார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சு மாறவில்லை. ரசமட்டம் விலை ஆயிரத்து நானூற்றைம்பது. ஆடித் தள்ளுபடி முடிந்தது. நூல் நேராகத் தெரிகிற அன்றைக்கு, உங்கள் கையால், என் கடைக்கு வந்து கொடுக்கவேண்டும். அதற்கு ஒரு நாள் முந்திக் கொண்டுவந்தாலும் வாங்கமாட்டேன்.

சென்னிமலை